மேசைக்கு அடியில் இருந்த குதிரை

"மூணு கோடு! முப்பது வருசமா மூணே மூணு கோடு! நாலாவது கோடு ஒண்ணு என்னைக்காவது போட்டிருக்கீயளா சார்?"

"மெதுவா பேசு புஷ்பம்."

"எதுக்கு மெதுவா பேசணும்? குதிரைக்குக் காது, பிடரி, முதுகு. அதோட நின்னு போகும் உங்க கை. அதுக்கு வயிறு எங்க போகும், கால் எப்படி மடங்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? உனக்குத் தெரிஞ்சா போதாதா?"

கட்டுப்பாட்டு அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஆறு பேரும் கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒப்பனை அறைக்குள் போன குலசேகரன் சட்டைக் காலரில் இருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார். இயக்குநர் ஷாஜகான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

குலசேகரன்தான் 'சித்திர மாமா'. அரும்பு சேனலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி என்றால் நாட்டில் பாதிக் குழந்தைகள் அவர் முகத்தைத்தான் பார்க்கும். சுருட்டை முடி, மஞ்சள் சட்டை, பல் தெரியும் சிரிப்பு. பல்பொடி விளம்பரத்தில் சிரித்தவரை அந்தச் சிரிப்புக்காகவே கூட்டி வந்து ஓவிய நிகழ்ச்சியில் நிற்க வைத்தார்கள். வரையத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முதல் நாள் நேரலையில் மூன்று கோடு போட்டார். அதற்கு மேல் ஓடவில்லை. வியர்த்தது. அரங்கச் சுவருக்கு வர்ணம் அடிக்க வந்திருந்த மரியபுஷ்பம் மேசைக்குப் பின்னால் குந்தியிருந்தார். மாமாவின் கை பாதியில் நின்றுவிட்டதைப் பார்த்து, பக்கத்தில் கிடந்த அட்டையில் அந்தப் படத்தை இரண்டு நிமிடத்தில் முடித்து மேசைக்கு அடியில் நீட்டினார். குலசேகரன் அதை எடுத்துக் கேமராவுக்குக் காட்டிச் சிரித்தார்.

"இதோ, மாமா முன்னாடியே செஞ்சு வச்சுட்டேன்!"

அந்த வரியை வைத்தே முப்பது வருடம் ஓட்டினார். ஓவியக் கண்காட்சிகளுக்குப் போய் முதல் கோடு போட்டுத் தொடங்கி வைத்தார். இரண்டு பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்தன. தன் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார், அதாவது முதல் மூன்று பக்கத்தை. புஷ்பம் முப்பது வருடமும் மேசைக்குப் பின்னால்தான் இருந்தார். நிகழ்ச்சி முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் அவருக்கு 'மேசை உதவி' என்று பெயர். அதுவும் நேரம் இருந்தால்தான்.

இப்போது சண்டை பெயரைப் பற்றியது அல்ல.

விரலுறை வந்திருந்தது. கை வேலை செய்யும்போது நரம்பில் ஓடும் சின்னச் சின்னத் துடிப்புகளைப் பதிவு செய்து, மெல்லிய உறை ஒன்றின் வழியாக இன்னொருவர் கைக்குள் செலுத்தும் கருவி அது. குழந்தை தினம் அரை மணி நேரம் அணிந்தால் ஆறு மாதத்தில் கை பழகிவிடும். பிறகு உறையே வேண்டாம். வீணைக்காரர் கை, தையற்காரர் கை, எந்தக் கை வேண்டுமானாலும் உங்கள் பிள்ளைக்கு வந்துவிடும். விரலுறையைக் கண்டுபிடித்த நிரஞ்சன் முதல் பதிவுக்குத் தேர்ந்தெடுத்தது சித்திர மாமாவின் கையை. பிள்ளைகளுக்குத் தெரிந்த கை அதுதானே.

நாற்பது நாள் பதிவு நடந்தது. பொறியாளர்கள் திரையில் ஓடிய துடிப்புகளைப் பார்த்து, "என்ன ஒரு உறுதி! என்ன ஒரு தன்னம்பிக்கை! அருமையான கை சார்" என்றார்கள். தாளை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மைக்கில் புஷ்பத்தின் குரல் கேட்டது. "விக்கிறதுக்கு முன்னால என் கையைப் பதிவு பண்ணச் சொல்லுங்க சார். பேரு உங்க பேரே போட்டுக்கிடுங்க. எனக்குப் பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பிள்ளையள் கையில ஏத்தப் போறீயளே, அது என்னதுன்னு யோசிச்சீயளா? மூணு கோடு, ஒரு இளிப்பு, அப்புறம் மேசைக்கு அடியில தடவுறது. அதுதான் ஏறும்."

குலசேகரன் குரலைத் தாழ்த்தினார்.

"உன் கையைப் பதிவு பண்ணா, அப்போ இத்தனை வருஷமா நான் யாருன்னு கேப்பாங்களே புஷ்பம்."

"கேட்டா கேக்கட்டுமே."

"உனக்குப் பொறாமை."

"ஆமா, பொறாமைதான். வச்சுக்கிடுங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன். நாளைக்கு வெள்ளோட்டம் இங்கதான நடக்குது, இந்த மேசையிலதான? மேசைக்கு அடியில ஒண்ணும் இருக்காது. நாடே பாக்கட்டும்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஷாஜகான் சத்தத்தைக் குறைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். "யாரும் ஒண்ணும் கேக்கல, சரியா?" என்றார். ஆறு பேரும் தலையாட்டினார்கள். இந்த ஆறு பேரில் ஒருவன் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையை நான் எழுத வேண்டி வந்திருக்காது. ஆனால் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நேரலை. ஒன்பது கேமரா. மந்திரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமா உட்காரும் மேசையில் நிரஞ்சனின் மகள் சம்யுக்தா உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. ஆறு மாதம் விரலுறை போட்டுப் பழகி, இன்று வெறுங்கையோடு வரையப் போகிறாள். வீட்டில் அவள் வரைந்ததைப் பார்த்தீர்களா என்று நிரஞ்சனிடம் கேட்டதற்கு, "பாதிப் பாதியா வரைவா சார், விளையாட்டுப் புள்ள. கோட்டைப் பாருங்க, அப்படியே மாமா கோடு!" என்று பெருமையாகச் சொன்னார். அறிவாளிதான்.

புஷ்பம் வழக்கமான இடத்தில், மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன முக்காலியில் இருந்தார். அவர் மடியில் ஒரு குதிரை இருந்தது. இரவெல்லாம் தூக்கம் வராமல் விடிகாலையில் வரைந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வரைந்தாரே தவிர, கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

"என்ன வரையப் போறே கண்ணு?" என்றார் மாமா.

"குதிரை மாமா!"

சம்யுக்தா காது போட்டாள். அரங்கம் மூச்சு விட்டது. பிடரி போட்டாள். ஒரே இழுப்பில் முதுகு போட்டாள். ஏழு வயதுக் குழந்தை போட்ட கோடு என்று யாரும் நம்பமாட்டார்கள். பென்சிலை வைத்தாள். தலையை வலது பக்கம் சாய்த்து, பல் தெரிய, இரண்டாவது கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். இடது கை மேசைக்கு அடியில் போனது.

கை தடவியது. ஒன்றும் இல்லை.

மேசைக்குப் பின்னால் அந்தச் சின்ன விரல்கள் காற்றைத் துழாவுவதைப் புஷ்பம் பார்த்துக்கொண்டிருந்தார். வரட்டும், இன்னும் பத்து நொடி, எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தார். மாமாவின் சிரிப்பு உறைந்து நின்றது. முதல் வரிசையில் யாரோ இருமினார்கள். விரல்கள் இன்னும் வேகமாகத் துழாவின. மேசையின் இடுக்கு வழியாகப் புஷ்பத்துக்குக் குழந்தையின் கீழுதடு தெரிந்தது. அது பிதுங்கத் தொடங்கியிருந்தது. நாடு முழுக்கப் பார்க்கிறது. அழப் போவது குலசேகரன் இல்லை, இந்தப் பிள்ளை.

புஷ்பம் குதிரையை நீட்டினார்.

"இதோ, நான் முன்னாடியே செஞ்சு வச்சுட்டேன்!" என்று தூக்கிக் காட்டினாள் சம்யுக்தா.

நாலு காலும் தரையில் படாமல் ஓடுகிற குதிரை. மந்திரி எழுந்து நின்று கைதட்டினார். நிரஞ்சன் அழுதார். அன்று மாலைக்குள் ஒன்பது லட்சம் விரலுறைக்கு முன்பதிவு வந்தது. ஒரு குழந்தையின் பிஞ்சுக் கையில் ஒரு மேதையின் கை குடியேறியது என்று பத்திரிகைகள் எழுதின. சம்யுக்தா கோடு போட்ட தாளும் மேசைக்கு அடியிலிருந்து வந்த தாளும் வேறு வேறு என்பதை ஒரு நிருபர்கூடக் கவனிக்கவில்லை. முப்பது வருடம் கவனிக்காதவர்கள் அன்றைக்கு மட்டும் எப்படிக் கவனிப்பார்கள்?

புஷ்பம் ஒரு வாரம் கழித்து வேலையை விட்டுவிட்டு நாசரேத் பக்கம் தன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். போகும்போது ஷாஜகானிடம், "அந்தப் பிள்ள முகத்தப் பாத்துட்டேன் சார். பாத்திருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாராம்.

பிறகு வீட்டுக்கு வீடு மாமாவின் கை வந்தது. பிள்ளைகள் மூன்று கோடு போட்டார்கள், சிரித்தார்கள், மேசைக்கு அடியில் தடவினார்கள். "அப்படியே மாமா மாதிரியே இல்ல?" என்று பெற்றோர் படம் பிடித்து அனுப்பினார்கள். எதுவும் கிடைக்காத பிள்ளைகள் அழுதபோது கொஞ்சம் புகார் வந்தது. நிரஞ்சனின் நிறுவனம் விரலுறையைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 'முடிவுப் பை' என்று ஒன்றை விற்றது. உள்ளே முடித்த படங்கள் நூறு இருக்கும். மேசைக்கு அடியில் மாட்டி வைக்கலாம். பெற்றோர் வரிசையில் நின்று வாங்கி மாட்டினார்கள். பிள்ளை சிரித்தால் போதும் என்றார்கள்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். கைப்பழக்கமும் கூடவே வளர்ந்தது. முடி வெட்டப் போனால் இளைஞன் ஒரு பக்கக் காது வரைக்கும் அழகாக வெட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறான். மீதியை மூலையில் நிற்கும் பெரியவர் வந்து வெட்டுகிறார். கொத்தனார் முழங்கால் உயரம் சுவர் எழுப்பிவிட்டுப் பக்கவாட்டில் கையை நீட்டுகிறார். பின்னால் நிற்கும் சித்தாள் அம்மாள் பூசி முடிக்கிறார். யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. கூலி மட்டும் சிரித்தவருக்குப் போகிறது.

போன மாதம் குலசேகரன் தன் வாழ்நாள் சாதனைக் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அதன் கண்ணாடி உடைந்து வலது உள்ளங்கை கிழிந்துவிட்டது. வயது எண்பது. இரத்தம் நிற்கவில்லை. பக்கத்துத் தெரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள்.

"மாமா! என்னைத் தெரியுதா?" என்றாள் டாக்டர். "சம்யுக்தா. குதிரை வரைஞ்சேனே! அதை இன்னும் எங்க வீட்டு ஹால்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கோம்."

"தெரியாம இருக்குமா கண்ணு" என்றார் அவர்.

"ஏழு தையல் போடணும். கவலைப்படாதீங்க, என் கையும் உங்க கைதான் மாமா. எல்லாரும் சொல்லுவாங்க."

முதல் தையல் ஒரு துளி வலியில்லாமல் விழுந்தது. இரண்டாவது இன்னும் அழகு. மூன்றாவதைப் போட்டுவிட்டு ஊசியைத் தட்டில் வைத்தாள். தலையை வலது பக்கம் சாய்த்தாள். சுவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். இடது கை கட்டிலுக்கு அடியில் போனது.

குலசேகரனுக்கு அந்தச் சிரிப்பு தெரிந்தது. கண்ணாடியில் முப்பது வருடம் பார்த்த சிரிப்பு.

"கண்ணு, இன்னும் நாலு இருக்கு! ரத்தம் வருது பாரு! முடிச்சுரும்மா!"

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டிலுக்கு மறுபக்கம் ஒரு முக்காலியில் சகுந்தலா சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, விரலுறை வருவதற்கு முன் பள்ளிக்குப் போனவர். அவர் அவசரமே படாமல் ஊசியை எடுத்தார்.

"சத்தம் போடாதீங்க ஐயா. இங்க எல்லா டாக்டருக்கும் இப்படித்தான். நாங்க இருக்கோம்ல" என்றார். குனிந்து நாலு தையலையும் போட்டு முடிச்சுப் போட்டு நூலை வெட்டினார். பிறகு குலசேகரனின் கையைத் தூக்கி டாக்டரின் இடது கையில் வைத்தார்.

"இதோ, முடிஞ்சிருச்சு மாமா!" என்று காட்டினாள் சம்யுக்தா.

மருத்துவமனைச் சீட்டில், தையல் ஏழு, டாக்டர் சம்யுக்தா என்று எழுதியிருந்தது.

"தையலை... அந்தம்மாதானே போட்டாங்க?"

"யாரு, சிஸ்டரா? இல்ல மாமா, நான்தானே போட்டேன்." அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். ஏழு வயதிலிருந்து.

அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது நீ வரைந்த குதிரை இல்லை, நான் வரைந்ததும் இல்லை, அதை வரைந்தவள் பெயர் மரியபுஷ்பம் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. எண்பது வயதில் இழக்க என்ன இருக்கிறது? குலசேகரன் வாயைத் திறந்தார். முக்காலியில் நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த சிஸ்டரை ஒரு தடவை பார்த்தார்.

"நல்ல கைம்மா உனக்கு" என்றார். "அருமையான கை."

அவரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. அந்த ஒன்பது லட்சத்தில் ஒன்றை என் மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்தேன். முடிவுப் பையையும் நானேதான் மாட்டினேன்.

அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இப்போதே ஒரு தாளை எடுத்து ஒரு குதிரை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டாம், நாலு கால் இருந்தால் போதும். முடித்தவர்கள் முடித்தேன் என்று கீழே எழுதுங்கள். கை பாதியில் நின்றுவிட்டால் வெட்கப்படாதீர்கள், எந்த இடத்தில் நின்றது என்று எழுதுங்கள். கூடவே, உங்கள் வேலையைத் தினமும் முடித்துக் கொடுப்பவர் யார் என்று யோசித்து அவர் பெயரையும் எழுதுங்கள். முழுப் பெயராக எழுதுங்கள்.