எர்ணாவூரில் உடையாத கண்ணாடி

ராயபுரத்தில் வலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஞானத்தின் அறைக்குள் ஜெபசிங் நுழைந்தபோது, கறுப்புக் கோட்டின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான். சாத்தான்குளத்துப் பக்கத்து இளம் வக்கீல்; பேச்சில் இன்னும் அந்த மண் போகவில்லை.

“அண்ணாச்சி, எங்க சாரைக் காட்டிக்கொடுத்தது நாந்தான்னு சாரே நெனைக்காவ. இன்னைக்கு மூணு மணிக்குள்ள வேட்புமனு கொடுக்கணும். கூட இருந்து கழுத்தறுத்தது யாருன்னு தெரியாம கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாவ.”

சார் என்றால் வக்கீல் ஜெயவேல். அடியாட்களைச் சுற்றி நிறுத்தி, கை தூக்கச் சொல்லி நடந்துகொண்டிருந்த துறைமுகச் சங்கத் தேர்தலை, வழக்காடி ரகசிய வாக்கெடுப்பாக மாற்றியவர். அதற்குப் பரிசாக வீட்டு வாசலில் நாட்டுவெடிகுண்டு விழுந்தது; இரண்டு விரல்கள் போயின. பிறகொரு முறை கத்திக்குத்து. மனுஷன் அடங்கவில்லை, இப்போது சட்டமன்றத்துக்கே நிற்கப் புறப்பட்டார். போன ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில் ஒரு படிப்பகத்தைத் திறக்கப் போன வழியில், முகத்தை மூடிய சிலர் மீன்பாடி வண்டியைக் குறுக்கே விட்டுக் காரை மறித்தார்கள். பின்கதவைத் திறந்து அவரை இழுத்துப்போட்டு, இரும்புக் குழாயால் காலை நொறுக்கிவிட்டுப் போனார்கள்.

போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற ஞானம் எதற்கும் அவசரப்படாதவர். அவருக்கும் சேர்த்து அவசரப்பட ரஷீது இருந்தான். ஆட்டோ ஓட்டுகிற நேரம் போக மீதியெல்லாம் அவனுக்குத் துப்பறியும் பைத்தியம்தான். ஞானத்தையும் ஜெபசிங்கையும் ஏற்றிக்கொண்டு, ஜெயவேல் அன்று போன வாடகைக் கார் நின்ற போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் விட்டான்.

“இன்னா சார், காரு புத்சா கீது! கண்ணாடில ஒரு கீறல்கூட இல்லியே!”

“அதைத்தான் நானும் பார்க்கிறேன்” என்றார் ஞானம்.

டிரைவர் டில்லிபாபு பக்கத்திலேயே நின்றான். “காலைல வண்டிய எட்துகினு போனேன் சார். வக்கீலு வூட்டு அம்மா, படிப்பகத்துல மாட்றதுக்கு மாலை போட்ட அம்பேத்கர் படத்தை முன்சீட்ல நிக்க வச்சு துண்டால கட்னாங்க. டிக்கில வைக்கலாம்னேன். ‘அவரை டிக்கில கெடத்துவியா’ன்னு வஞ்சாங்க. வக்கீலு எப்பவும் என்னாண்டதான் குந்துவாரு. அன்னிக்குப் பின்னாடி குந்திகினாரு. வுடனே கெளம்பிட்டோம்.”

“போகிற வழி யாருக்கெல்லாம் தெரியும்?”

“முந்தின நாளே பேசிகினோம். நானு, அம்மா, இந்த ஜெபசிங் சாரு.”

“படம் முன்னாடியே ரிக்‌ஷாவுல போயிரும்னுதான் எங்கிட்டச் சொல்லியிருந்தாவ” என்றான் ஜெபசிங். அன்றைக்குக் காய்ச்சல் என்று அவன் போகவில்லை. சந்தேகம் விழுந்ததே அதனால்தான்.

ஞானம் முன்கண்ணாடியை மறுபடி ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு, விருப்பமில்லாத குரலில், “ஆஸ்பத்திரிக்குப் போப்பா” என்றார்.

நொறுங்கிய காலை முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று அன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். ஜெயவேலின் மனைவி ரமாபாய் கட்டிலருகே நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.

“உங்களிடம் தனியாகச் சொல்கிறேனே” என்றார் ஞானம், ஜெயவேலிடம்.

“எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. மூடின ரூம்ல நடக்கிற நியாயம் எனக்குப் பிடிக்காது.”

ஞானம் பெருமூச்சு விட்டார். “காரை மறிக்கிற கூலிப்படை முதலில் முன்கண்ணாடியைத்தான் நொறுக்கும். இவர்கள் தொடவே இல்லை. ஏனென்றால் அதற்குப் பின்னால் அம்பேத்கர் இருந்தார். எப்போதும் முன்னால் உட்காருகிறவரை அன்று நேராகப் பின்கதவைத் திறந்து இழுத்தார்கள். கண்ணாடியைத் தொடக்கூடாது, பின்கதவைத்தான் திறக்க வேண்டும் என்று முன்கூட்டியே யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். படம் காரில் வரப்போவது ஜெபசிங்குக்குத் தெரியாது. டில்லிபாபுவுக்கு வண்டி கிளம்பும்போதுதான் தெரியும். முன்பே தெரிந்தவர், அதை அங்கே வைத்தவர் மட்டும்தான்.”

விசிறி நின்றது.

“என் தம்பியோட ஆளுங்கதான்” என்றாள் ரமாபாய். “ஒரு தட்டு தட்டுங்க, எலெக்‌ஷன் முடியற வரிக்கும் வூட்ல கெடக்கட்டும்னேன். படத்து மேல ஒரு தூசி வுயக்கூடாதுன்னேன். வெரலு போனப்ப வாசல்ல தேடி எட்த்தவ நானு. குத்து வாங்கினப்ப ரத்தத்தைக் கழுவினவ நானு. இந்த தபா உசுரையே எட்த்துடுவாங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? கேட்டியா நீ?”

ஜெயவேல் ஜெபசிங்கைப் பார்த்துக் கைகூப்பினார். “மன்னிச்சிடுப்பா.”

“அதெல்லாம் இருக்கட்டும் சார். நேரம் இருக்கு. கையெழுத்துப் போடுங்க” என்று அழாத குறையாக அவன் பேனாவை நீட்டினான்.

“போட்டா, யாரு அடிச்சாங்கன்னு ஜனம் கேக்கும். ரமாவைக் காட்டிக்கொடுக்க என்னால ஆகாது. தெரியாதுன்னு பொய் சொல்லி ஓட்டு கேக்கவும் ஆகாது.”

ரமாபாய் பதறிப்போய்ப் பேனாவைப் பிடுங்கி அவர் கையில் திணித்தாள். “நான் ஸ்டேஷனுக்குப் போறேன்யா. நானே சொல்லிக்கிறேன். நீ போடு!”

இந்த உண்மையைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று ஞானத்துக்கு மனசு அடித்துக்கொண்டது.

ஜெயவேல் பேனாவை மூடி அவளிடமே கொடுத்தார்.

“நீ ஜெயில்ல கெடக்கிறப்போ நான் எம்.எல்.ஏ.வாகி இன்னா பண்ணப் போறேன், ரமா?” என்றார்.