அந்தியில் மேலே வருபவை

கூண்டுக்குள் கையை விடுவதற்கு முன்பே கொசுக்கள் அவள் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தன.

வழக்கமாக அப்படி இருக்காது. சாயங்காலம் மற்றவர்கள் மேசையை ஒழித்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அவள் ஆய்வுக்கூடத்தின் கடைசி அறைக்கு வருவாள். ஈரப் பஞ்சும் சர்க்கரைத் தண்ணீரும் சேர்ந்து புளித்த வாடை வீசும் அந்தச் சின்ன அறையில், வலைக் கூண்டின் சுவர்களில் கொசுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூங்கி வழிந்துகொண்டிருக்கும். கூண்டின் வாயில் கட்டியிருக்கும் துணிக்குழாய்க்குள் முழங்கை வரை நுழைத்து, தோலின் சூடு உள்ளே பரவிய பிறகுதான் ஒன்றிரண்டாகக் கிளம்பி வரும். இன்றைக்கு எல்லாம் ஒரே சுவரில், அவள் நின்ற பக்கத்தில், வலைக் கண்களுக்கு வெளியே ஊசிமூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தன. அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்து அடங்கியது. மறுபடியும் எல்லாம் அவள் முகத்துக்கு நேரே இருந்தன.

"என்ன மேடம், உங்களுக்கு ரசிகர் மன்றம் ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றார் பண்ணையார். கொசு வளர்ப்பைப் பார்த்துக்கொள்பவர் அவர். பத்து ஏக்கர் நிலம் ஆள்கிற தோரணையில் கூண்டுகளுக்கு நடுவே உலாத்துவதால் அந்தப் பெயர்.

"பட்டினி போட்டீங்களா?"

"நான் ஏன் போடறேன்? மத்தியானம் நான் பக்கத்துலதான் நின்னேன், திரும்பிக்கூடப் பாக்கல. நம்ம ரத்தம் எல்லாம் அதுங்களுக்கு எங்க இறங்கப் போகுது!"

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள்; சிரிப்பு வரவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். உலகத்தில் அதைத் தெரிந்தவர்களே கொஞ்சம் பேர்தான், கண்டுபிடித்தவள் அவள்.

ஆற்றோரக் குடியிருப்புகளில் மனிதர்களின் கால்களை வீங்க வைக்கும் புழு ஒன்றைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. கொசு கடிக்கும்போது உள்ளே போய், அங்கேயே வளர்ந்து, குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலில் பதுங்கியிருந்து, அந்தி சாயும்போது, கொசு கிளம்பும் நேரம் பார்த்து, தோலுக்கு அருகே மேலேறி வரும். நோயாளிகள் போட்டுக் கழற்றிய சட்டைகளைக் கூண்டில் தொங்கவிட்டு அவள் பார்த்திருக்கிறாள். நல்ல உடம்புக்காரரின் சட்டையை விட்டுவிட்டு எல்லாக் கொசுவும் நோயாளியின் சட்டையைத்தான் மொய்த்தது. "புழுவுக்கு மூளை கிடையாது. ஆனா அடுத்த வீட்டுக்குப் போற வழி மட்டும் தெரியும்" என்று மாணவர்களிடம் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

பண்ணையார் கிளம்பிப் போனதும் அவள் விரல் நுனியில் ஊசியைக் குத்தி, ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் குனிந்தாள்.

நெளிந்துகொண்டிருந்தன.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அந்த அறையில் இரண்டு கூண்டுகள். புழு ஏற்றிய கொசுக்களுக்கு நீலத் துணிக்குழாய், சுத்தமான கொசுக்களுக்கு வெள்ளை. சுத்தமான கொசுக்களுக்குத் தன் கையையே இரையாகக் கொடுப்பது இந்த வேலையில் சகஜம். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஒரு விடுமுறை நாளில் வந்து, இரண்டு துணிகளையும் அவிழ்த்துத் துவைத்து, காயப்போட்டு, அவளே கட்டினாள். அதற்கப்புறம் சில வாரங்கள் நீலக் கூண்டுக் கொசுக்களை அறுத்துப் பார்த்தால் புழுவே இல்லை. புழுவைக் காட்டும் சாயம் கெட்டுப்போய்விட்டது என்று பண்ணையாரிடம் எரிந்து விழுந்தாள். சாயம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. துணியை மாற்றிக் கட்டியிருக்கிறாள். வெள்ளைத் துணிக்குள் தினமும் கையை விட்டு, சிரித்த முகத்தோடு, புழுக்களுக்கு வழி திறந்து கொடுத்திருக்கிறாள்.

ஆனால் இதற்கு மாத்திரை இருக்கிறது. மருந்து அலமாரியில் இருந்து அட்டையை எடுத்துக்கொண்டாள். தன்னைப் பற்றிக்கூட அவளுக்கு அவ்வளவு பயமில்லை. வீட்டில் ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறது. தன்னைக் கடித்த கொசு மகளைக் கடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஜன்னல்களை எல்லாம் சாத்தினாள். கூடத்தில் கணவன் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகள் அவன் காலடியில் படுத்து வரைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க," என்று ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனத்தில் கோத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"என்ன?"

"டீ போடட்டுமா?"

அவன் தலையாட்டினான். அவள் சமையலறையில் நின்று தன் வாயை விரல்களால் தொட்டுப் பார்த்தாள். களைப்பு, வேறொன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீர் கொதித்தது. ஜில்லென்ற காற்று பின்கழுத்தில் பட்டது. சற்றுமுன் தாழ்ப்பாள் போட்ட ஜன்னல் திறந்திருந்தது.

"ஜன்னலை யாரு திறந்தது?"

"நீதாம்மா திறந்தே," என்றாள் மகள் கூடத்தில் இருந்து. "இப்பத்தானே திறந்தே."

அடுத்து வந்த நாட்களில் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தன்னையே காவல் காத்தாள். மகளின் கட்டிலுக்குப் புது வலை வாங்கிக் கட்டினாள். காலையில் பார்த்தால் வலை மடித்து, தலையணை உறைக்குள் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது, அவள் துணி மடிக்கிற அதே விதத்தில். அக்கா வீட்டுக்கு மகளை அனுப்பிவிடலாம் என்று போன் போட்டாள். "என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா. "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றது அவள் வாய். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ் நின்று, கிளம்பி, போய்க்கொண்டே இருந்தது, அவள் இறங்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

ஆற்றோரத்து ஜனங்கள் நினைவுக்கு வந்தார்கள். மாலையானால் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் வாசலில் வந்து, முதுகும் தோளும் தெரிய, பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போகக் கூடாதா, இத்தனை கொசுவில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். "காத்தாட உக்காந்திருக்கோம்மா" என்பார்கள். அறியாமை என்று கட்டுரையில் எழுதினாள். அவர்கள் கண்கள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை எழுதவில்லை. அந்தக் கண்கள் கெஞ்சியிருக்கின்றன. இப்போது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

மாத்திரையாவது இருக்கிறதே என்று இருந்தாள். ஒருநாள் கைகழுவும் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. அடைப்பை எடுக்க விரலை விட்டவளுக்குக் கையில் வந்தது, வெள்ளையாக, பாதி கரைந்த மாவு. ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்த மாத்திரைகள். அவள் விழுங்கியதாக நினைத்தவை அத்தனையும்.

கண்ணாடியில் அவள் முகம் அமைதியாக இருந்தது. உள்ளே அவள் அலறிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வெயில் இறங்கும்போதே அவள் தீர்மானித்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது. வாயை நம்ப வேண்டாம், கைகளை நம்ப வேண்டாம். கால்கள் இன்னும் அவளுடையவைதான். படுக்கையறைக்குள் நுழைந்தாள். மின்விசிறி தலைக்கு மேல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் கொசு அண்டாது என்பது ஒரு ஆறுதல். வெளியே வானம் சாம்பல் நிறமாகியிருந்தது. தோலுக்கு அடியில், முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை, ஏதோ மெதுவாக மேலேறி வருவது போலக் குறுகுறுத்தது. கட்டிலில் இருந்த மகளைத் தூக்கக் குனிந்தாள்.

குனிந்தது நினைவிருக்கிறது.

"அம்மா, கை வலிக்குது."

வெளிச்சம் குறைந்திருந்தது. ஜன்னல் அகலத் திறந்திருந்தது. கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கை வெளியே நீண்டிருந்தது. சட்டைக் கை தோள் வரை மடித்துவிடப்பட்டிருந்தது. மணிக்கட்டை ஒரு கை பிடித்திருந்தது. அவள் கை.

விடு.

விடு. விடு.

விரல்கள் அசையவில்லை.

"கொஞ்ச நேரந்தாண்டா கண்ணு," என்றது அவள் குரல், அத்தனை அன்பாக. "ஆடாம இரு."

வெளியே, மரத்தடியில், ரீங்காரம். இன்னும் கிட்டே வரவில்லை. விசிறிக் காற்று ஜன்னல்வரை வீசியது. ஒன்று வந்தது. காற்றில் தடுமாறி விலகியது. இன்னொன்று. விலகியது. ஓடு, ஓடு, நிற்காதே என்று விசிறியிடம் கெஞ்சினாள்.

கதவருகே நிழல்.

கணவன்.

அவனைப் பார்த்து அவள் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பாருங்க. வாங்க. பிடிச்சு இழுங்க. என்னை அடிச்சாவது இழுங்க. உதடு பிரியவில்லை. கண்கள் மட்டும் அவளுடையவை. அவற்றை அவன் முகத்தில் ஊன்றினாள். அவன் பார்த்தான். மகளைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். தலையை நிமிர்த்தி, மேலே பார்த்தான்.

"இது எதுக்கு ஓடுது?" என்றான்.

சுவிட்சை அணைத்தான்.

விசிறியின் சத்தம் தேய்ந்தது. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. நின்றன. அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒரு தசைகூட ஆடவில்லை. அவன் வந்து மகளுக்கு மறுபக்கம் மண்டியிட்டு, அவளது இன்னொரு கையை மெதுவாக எடுத்து, சட்டையை மேலே மடிக்கத் தொடங்கினான்.