கடைசி வண்டியின் குச்சி

குச்சி ஈரமாக இருந்தது.

மழை விட்டு நாலு நாளாகியிருந்தது. ரோடு காய்ந்து பொடியாகி, ஒவ்வொரு லாரிக்கும் புழுதி எழும்பி, அவள் உதட்டிலும் இமையிலும் ஹெல்மெட் பட்டைக்கு அடியில் வழிந்த வேர்வையிலும் அப்பிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில், காய்கறி வேன்காரர் ஜன்னல் வழியாக நீட்டிய குச்சி மட்டும் சொதசொதவென்று இருந்தது. வாங்கிச் சாய்த்தாள். அதன் பொந்திலிருந்து கறுப்பாக ஒரு மடக்குத் தண்ணீர் அவள் பூட்ஸின் மேல் வழிந்தது.

"ஏண்ணே, இதை எங்க போட்டு முக்கினீங்க?"

"நான் ஏம்மா முக்கப்போறேன்? கொண்டுபோய்க் குடுன்னாங்க, குடுத்தேன். நாறுது, முதல்ல கழுவுங்க." அவர் கையைக் கதவில் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

குச்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முழ நீளத்துக்கு அறுத்த பிளாஸ்டிக் குழாய், மேலே நீலப் பெயிண்ட். கழிவுநீர்க் குழாய் பதிப்பதற்காக ரோட்டின் ஒரு பாதியைத் தோண்டிப் போட்டிருந்ததால், முன்னூறு மீட்டருக்கு மறுபாதி மட்டும்தான் வழி. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். நடுவில் ஒரு கிடங்கின் மதில் வளைந்து நிற்பதால் இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. வாக்கி டாக்கி செத்து ஒரு மாதம்; ஒவ்வொரு தடவையும் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் குச்சி. தன் பக்கத்து வண்டிகளை விடும்போது கடைசி வண்டிக்காரரிடம் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவர் எதிர்முனையில் நிற்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். குச்சி கைக்கு வந்தால் வழி காலி. வரவில்லை என்றால், உள்ளே இன்னும் யாரோ இருக்கிறார்.

சைட்டில் அவளை எல்லோரும் 'சேஃப்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டியும் ஆளும் குழியில் விழாமல் பார்த்துக்கொள்வதும், பார்த்துக்கொண்டதாகத் தினமும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதும் அவள் வேலை. ஆள் வராத நாட்களில் வண்டிகளை நிறுத்திவிடும் 'நில்-செல்' போர்டையும் அவளே பிடித்தாள். அவள் அப்பா முப்பது வருடம் ரோட்டில் கொதிக்கிற தார் ஊற்றியவர். குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். "எம்பொண்ணு கையெழுத்துப் போட்டாத்தான் ரோடே தொறக்கும்" என்று அவர் சலூனில் சொல்லியிருக்கிறார், பஸ்ஸில் சொல்லியிருக்கிறார், பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

எதிர்முனையில் நின்றவருக்குப் பட்டப்பெயர் மீசை. மீசையை எடுத்துப் பத்து வருடமாகியும் பெயர் போகவில்லை. அவள் போன் போட்டாள்.

"அண்ணே, குச்சியைக் கழுவிட்டா அனுப்புறீங்க?"

"நல்ல கதையா இருக்கே! உங்க பக்கத்துலருந்து வர்றதுதான் மேடம் நாறுது. நான் துண்டால துடைச்சுத் துடைச்சு அனுப்பிட்டிருக்கேன். துண்டைத் தூக்கிப் போட்டுட்டேன். வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டா என் பொண்டாட்டி."

அவள் சிரிக்கப் பார்த்தாள். மூக்குக்குள் அந்த நாற்றம் ஏறி உட்கார்ந்திருந்தது. சாக்கடை நாற்றம் அவளுக்குப் பழக்கம், அதில் சாப்பிடக்கூட அவளால் முடியும். இது அது இல்லை. அடியில் ஏதோ ஒரு தித்திப்பு இருந்தது. வாழைப்பழத் தோலைப் பூட்டிய பைக்குள் மறந்து வைத்தது போல. நாக்கின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. துப்பினாள். போகவில்லை.

அடுத்த முறை குச்சியைக் கொண்டுவந்தது ஒரு பள்ளி வேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இரண்டு விரலால், எலிவாலைப் பிடிப்பதுபோல் குச்சியைப் பிடித்திருந்தார்.

"மேடம், நடுவுல நிக்கிறாரே உங்க ஆளு, அவருக்கு ஒரு பக்கெட் தண்ணியாவது குடுங்க. பாவமா இருக்கு."

"நடுவுலயா? நடுவுல எங்க ஆளு யாரும் இல்லையே."

"இல்லையா? இடுப்பளவு குழியில நின்னுக்கிட்டு வர்ற வண்டிகிட்டல்லாம் கையை நீட்டுறாரு. குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. அப்புறம் 'இது இல்ல'ங்கிற மாதிரி தலையாட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடுறாரு. உடம்பெல்லாம் சேறு. வேலை வாங்கலாம் மேடம், அதுக்காக மனுஷனை இப்படியா?"

வேன் போய்விட்டது. அவள் குச்சியைப் பிடித்தபடி நின்றாள். அதில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது. கட்டையான, நரைத்த ஒற்றை மயிர்.

நடுவில் குழி கிடையாது. இருந்த குழியை மூடி எட்டு நாளாகிறது; அதன்மேல் அடித்தாரும் போட்டாயிற்று.

ஒன்பது நாளுக்கு முன்னால், மழை கொட்டிய ஒரு சாயங்காலம், வரிசையின் கடைசி வண்டி ஒரு மொபெட். ஓட்டியவர் ஹெல்மெட்டோடு சேர்த்து ரெயின்கோட்டையும் இழுத்துக் கட்டியிருந்தார். ஹாண்டிலில் ஒரு சாப்பாட்டுப் பை. அப்போது இருந்தது சிவப்புக் குச்சி. மஞ்சள் டேப் சுற்றி, அதன்மேல் மூன்று என்று அவளே எழுதியிருந்தாள். "பத்திரமாக் கொண்டுபோய்க் குடுங்கண்ணே" என்று கொடுத்தாள். "ஓட்டப் பந்தயத்துல குடுக்கிற மாதிரி இருக்கேம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

கால் மணி நேரம் கழித்து மீசை போன் செய்தார். "மேடம், கடைசி வண்டி வரலை."

யாராவது குச்சியோடு வீட்டுக்குப் போய்விடுவது நடப்பதுதான். ஒருமுறை ஒரு டாக்ஸிக்காரர் அதை மறந்துபோய் விமான நிலையம்வரை கொண்டுபோயிருக்கிறார். "எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார் மீசை. அவளும் அதையே சொன்னாள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு ஞாபகம் வந்தது: குழாய் லாரி திரும்புவதற்காக மத்தியானம் நடுவில் நாலு தடுப்புகளை எடுத்திருந்தார்கள். திரும்ப வைத்துவிடுவதாகச் சொன்னவர் சைட் இன்ஜினியர். வைத்தார்களா என்று அவள் நடந்து போய்ப் பார்க்கவில்லை. மழை. 'தடுப்புகள் சரி, விளக்குகள் சரி' என்று நாலு மணிக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அழகான கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடுகூட இழுப்பாள்.

மறுநாள் விடிகாலையில் பொக்லைன் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலான குழியில் கறுப்புத் தண்ணீர் நிறைந்து, மண் விழ விழக் குமிழி விட்டது. குழியின் விளிம்பில் ஒரு செருப்பு கிடந்தது. ஆண்கள் போடுவது. ஒரு காலுக்கு மட்டும்.

அவள் அதைப் பூட்ஸ் நுனியால் உள்ளே தள்ளினாள்.

ஏன் என்று இன்றுவரை தெரியாது. குப்பை என்று நினைத்துத் தள்ளியதாகத்தான் தனக்குத்தானே சொல்லிவந்தாள். கூட்டுபவள் மாதிரி, சுத்தமாக. அதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காலை வெட்டிப் போடலாம் போலிருக்கும். பிறகு அதே காலோடு வீட்டுக்குப் போய், அப்பா வைத்துத் தரும் காபியைக் குடிப்பாள்.

போன் அதிர்ந்தது. இன்ஜினியர் மெசேஜ் போட்டிருந்தார்: 'ரிஜிஸ்டரை முடி. காலையில மேல்தார்.' இன்றைய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவள் அதில் கையெழுத்துப் போட்டால் அந்த இடத்தின்மேல் நிரந்தரமாகத் தார் விழும். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். தோண்டுவார்கள். முதலில் மண் வரும், பிறகு அவள் பெயர் வரும்.

வெயில் இறங்கி, விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. வரிசையின் கடைசியில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் இறங்கி, கையில் ஒரு கட்டுத் தாளோடு நேராக அவளிடம் வந்தாள். தாளில் ஒரு போட்டோ. கட்டை மயிராக நரைத்த தலை, சிரிக்கும் முகம்.

"வீட்டுக்காரரும்மா. ஒன்பது நாளாச்சு. லிஃப்ட் ரிப்பேர் வேலை, தினம் இந்த வழியாத்தான் வருவாரு. மொபெட். நீங்க பார்த்தீங்களா?"

தொண்டைவரை வந்தது. நிஜமாகவே வந்தது. பற்களுக்குப் பின்னால் அந்தத் தித்தித்த நாற்றத்தோடு நின்றது.

"எத்தனையோ பேர் போறாங்கக்கா. கவனிக்கல."

"அதானே, உங்களை என்ன சொல்றது. சண்டை போட்டுட்டுப் போயிட்டாருன்னு சொந்தக்காரங்க பேசுறாங்க. சாப்பாட்டுப் பையோட யாராவது சண்டை போட்டுட்டுப் போவாங்களா, சொல்லுங்க?" தடுப்பைக் காட்டினாள். "இதுல ஒண்ணு ஒட்டிக்கவா?"

"ஒட்டிக்கோங்க."

ஒட்டினாள். மூலைகளைக் கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டினாள். அவள் திரும்பி ஸ்கூட்டரில் ஏறுவதற்குள் இவள் ரிஜிஸ்டரைப் பிரித்து, நின்ற வாக்கிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். கோடும் இழுத்தாள்.

பிறகு போர்டைத் திருப்பினாள். கார், கார், பால் வண்டி, ஆட்டோ. கடைசியாக ஸ்கூட்டர் அவள் அருகில் வந்து நின்றது. அந்தப் பெண் கையை நீட்டினாள்.

"கடைசி நான்தானே? குச்சியைக் குடுங்க."

"இல்லக்கா, பரவாயில்ல. நீங்க சுத்தி..."

பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அதை நிறுத்த ஒரு கை வேண்டும், போர்டுக்கு ஒரு கை வேண்டும். அந்தப் பெண் தானே குச்சியை உருவிக்கொண்டாள். மூக்கைச் சுளித்தாள். பிறகு ஏனோ அதை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு முறை முகர்ந்தாள். ஸ்கூட்டரை முடுக்கிக்கொண்டு போனாள்.

ஐந்து நிமிடம். பத்து.

போன்.

"மேடம்," என்றார் மீசை. "கடைசி வண்டி வரலை."

அவள் போர்டைத் தடுப்பில் சாய்த்துவிட்டு நடந்தாள். இன்று எல்லாம் சரியாக இருந்தது. தடுப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. மஞ்சள் விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. புத்தகத்தில் படம் போட்டது போல. மதிலின் வளைவு வந்தது. பின்னால் ஹாரன் சத்தம் தேய்ந்தது. செருப்புத் தள்ளிய கால் மட்டும் கனத்தது.

நாற்றம் முதலில் வந்தது. பிறகு வெளிச்சம்.

ஸ்கூட்டர் ஸ்டாண்டு போட்டு நின்றது. ஹெட்லைட் எரிந்தது. அதன் முன்னால், பால் ஆடையை விரலால் ஒதுக்கியது போல, தார் சுருங்கி விலகியிருந்தது. உள்ளே கறுப்புக் கூழ். மெல்லக் குமிழி விட்டது. அதன் விளிம்பில் அந்தப் பெண் மண்டியிட்டிருந்தாள். நீலக் குச்சி பக்கத்தில் கிடந்தது.

கூழுக்கு மேலே, இடுப்புவரை, ஒரு ரெயின்கோட். ஒரு ஹெல்மெட். கண்ணாடி உள்பக்கமாகப் பூத்திருந்தது. உள்ளே ஏதோ சாய்ந்து சாய்ந்து கண்ணாடியில் ஒட்டியது.

அந்தப் பெண் துப்பட்டா நுனியால் அந்தக் கழுத்தைத் துடைத்தாள். பொறுமையாக. குழந்தைக்குத் துடைப்பது போல. துடைக்கத் துடைக்கத் துப்பட்டாவோடு வந்தது. சேறு மட்டும் இல்லை.

"போகவே மாட்டேங்குதும்மா," என்றாள், திரும்பாமல். குரல் சாதாரணமாக இருந்தது. "எதையோ கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு விடவும் மாட்டேங்குறாரு. உங்களோடதா பாருங்க."

கூழிலிருந்து கை எழுந்தது.

சிவப்புக் குச்சி. மஞ்சள் டேப். அவள் கையெழுத்தில் மூன்று.

ஹெல்மெட் அவள் பக்கம் திரும்பியது. கை நீண்டது. ஒப்படைக்கிற கை. இரண்டு முனைகளிலும் வண்டிகள் காத்துக்கொண்டு நின்றன. ஹாரன். ஹாரன். வாங்காமல் யாரும் எங்கும் போக முடியாது.

பழக்கம். அவள் கை தானாக நீண்டது. கையெழுத்துப் போட்ட கை. பிடித்தாள். இழுத்தாள்.

குச்சி வந்தது.

விரல்களும் கூடவே வந்தன.