நின்ற நாளும் நிற்காத நாளும்

றஜனி மூன்று கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை.

அவளுக்கு ஒரு காலில் பலம் குறைவு. ஊன்றுகோலுடன்தான் நடப்பாள். பாடசாலை மூன்று கிலோமீற்றர் தூரம். காலை ஏழு மணி பஸ், பிள்ளைகள் காத்திருக்கும் சந்தியில் பெரும்பாலும் நிற்காமல் போய்விடும். மற்றவர்கள் நடந்தார்கள். றஜனி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

வகுப்புத் தோழி நிவேதனா அவளைப் பார்க்கப் போனாள்.

"அப்பா பஸ் டிப்போவுக்குக் கடிதம் எழுதினவர். பதில் இல்லை. நான் இனி வரமாட்டன்," என்றாள் றஜனி.

கடிதத்தின் பிரதியை நிவேதனா வாசித்தாள். 'உங்கள் பஸ் ஒருநாளும் நிற்பதில்லை. உங்களுக்கு இரக்கமே இல்லை' என்றிருந்தது.

"ஒருநாளும் எண்டில்லையே. செவ்வாய்க்கிழமை நிண்டது," என்றாள் நிவேதனா.

றஜனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் ஒரு கடிதம் எழுதப்போறன். உன்ரை பேரைப் போடட்டோ?"

றஜனி அவள் பக்கம் திரும்பினாள். "போடு. ஆனா பாவம் எண்டு எழுதாதை."

அடுத்த பத்துப் பாடசாலை நாள்களும் நிவேதனா சந்தியில் கொப்பியுடன் நின்றாள். திகதி, நேரம், பஸ் இலக்கம், காத்திருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் குறித்தாள். பிறகு டிப்போவுக்குக் கடிதம் எழுதினாள்.

'ஏழு நாள் பஸ் நிற்கவில்லை. மூன்று நாள் நின்றது. அந்த நாள்களில் நடத்துநர் இறங்கிச் சின்னப் பிள்ளைகளை ஏற்றிவிட்டார். றஜனி ஊன்றுகோலுடன் நடப்பவள். பஸ் நிற்குமா என்று தெரியாததால் அவள் ஐந்து கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை. பஸ் தினமும் எங்கள் சந்தியில் நிற்க வேண்டும்.'

அம்மா வாசித்துவிட்டு, "நிண்டதை ஏன் எழுதினனீ? பிறகு குறையே இல்லை எண்டு நினைப்பினம்," என்றார்.

"நிண்டது உண்மைதானே அம்மா."

கடிதம் அனுப்பிய ஒன்பதாம் நாள் காலை, மோட்டார் சைக்கிளில் டிப்போ அதிகாரி ஒருவர் சந்திக்கு வந்தார். கையில் அந்தக் கடிதம்.

"நிவேதனா ஆர்?"

"நான்தான், சேர்."

"பஸ் நிக்கேல்லை எண்டு எனக்கு நிறையக் கடிதம் வரும், பிள்ளை. நிண்ட நாளையும் எழுதின கடிதம் இது ஒண்டுதான். அதாலைதான் மற்ற ஏழு நாளையும் நம்பினன். விசாரிச்சன். நேரம் பிந்துது எண்டு நிப்பாட்டாமல் போயிருக்கினம். அது பிழை. நாளையிலையிருந்து நிக்கும்."

"நிக்காட்டி, சேர்?"

அதிகாரி சிரித்தார். "நீ விடமாட்டாய் எண்டு தெரியும்."

நிவேதனா செய்தி சொல்ல, மறுநாள் றஜனி சந்திக்கு வந்தாள். பஸ் வேகம் குறைந்து, அவள் முன்னால் நின்றது. நடத்துநர் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார். அவள் கம்பியைப் பிடித்துத் தானாகவே ஏறினாள்.

அவள் இருக்கையில் அமரும்வரை பஸ் புறப்படவில்லை.