கரையோரக் கருமை

பழவேற்காட்டில் கடலோர விடுதி ஒன்றின் மாடியில் உட்கார்ந்து, தினமும் மாலையில் வானத்தை அடுக்குவது பிலோமினாவின் வேலை. அவள் திரையில் விரலை நகர்த்தினால் நீராவி கக்கும் நூற்றுக்கணக்கான மிதவைகள் வானில் ஏறி மேகம் கட்டும். முகிலடுக்கி என்று அந்தக் கருவிக்குப் பெயர். பழைய டச்சுக் கடலோவியங்களின் அமைப்பை அது கற்றிருந்தது. முக்கால் பங்கு வானம், கால் பங்கு கடல். அதற்காகவே விருந்தினர் நாற்காலிகளை மணலில் தாழப் பதித்திருந்தார்கள். கரையோர நீர் கருத்திருக்க வேண்டும். அதற்கு அப்பால் ஒரு பட்டை வெளிச்சம், அதில் ஒரு படகின் வெள்ளைப் பாய். கண் இருட்டைத் தாண்டிப்போய் அந்தப் பாயில்தான் நிற்கும்.

அன்று காட்சி தொடங்கியதும் அண்ணி போன் செய்தாள்.

“பிலோ, உங்கண்ணன் வலை எடுக்கப் போனாரு, இன்னும் வரல. கரைகிட்டதான் இருப்பேன்னாரு. கரையில நின்னு பாக்குறேன், ஒண்ணுமே தெரியலடி.”

பிலோமினா எட்டிப் பார்த்தாள். அவள் போட்ட கருமையில் அவளுக்கும் எதுவும் தெரியவில்லை. மேலாளர் சந்தானகோபாலிடம் ஓடினாள்.

“சார், முன்பக்கத்துல வெளிச்சம் விடணும். எங்கண்ணன் படகு அங்க இருக்கு.”

“காட்சி நடுவுலயா? கொஞ்ச நேரம் பொறும்மா, முடிஞ்சிடும்.”

அவள் மாடிக்கு ஓடினாள். கரைக்கு மேலிருந்த மேகத்தைப் பிளந்தாள். அந்தி வெயில் கரையோர நீரில் சரிந்தது. கல்லெறியும் தூரத்தில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பற்றிக்கொண்டு அண்ணன் பெர்க்மான்ஸ் ஒரு கையை ஆட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ. அலை இரைச்சலில் அவன் குரல் கரைக்கு எட்டவேயில்லை.

விடுதியின் நீச்சல்காரர்கள் பாய்ந்து போய் அவனை இழுத்து வந்தார்கள். விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். மணலில் கிடந்து உப்புநீரைக் கக்கிய பெர்க்மான்ஸ் தங்கையிடம் கேட்டான்.

“யாருக்கு தட்டுறாங்க?”



மறுநாள் மீனவர்கள் விடுதி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியின்றி மேலாளர் முகிலடுக்கியை நிறுத்தினார். அன்று மாலை வானம் தன் போக்கில் இருந்தது. வெளிறிய நீலம், அங்கங்கே கொஞ்சம் மேகம், கரையிலிருந்து தொடுவானம்வரை ஒரே வெயில். எல்லாப் படகுகளும் தெரிந்தன. அவற்றில் இருந்தவர்களின் முகம்கூடத் தெரிந்தது.

விருந்தினரில் ஒரு பெண்மணி பிலோமினாவைக் கைகாட்டி அழைத்தார்.

“ஏம்மா, இன்னைக்கு கடல் என்னமோ மாதிரி இருக்கே. எங்க பாக்கிறதுன்னே தெரியல. எப்ப சரி பண்ணுவீங்க?”