உள்ளே காத்திருக்கும் பெயர்

"ஐயோ... தோமஸ் ஐயா!"

தொழிலாளி மருதாயியின் அலறல் ரப்பர் தோட்டத்து ஃபேக்டரியின் மெஷின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

ஆசிட் ஸ்டோர் வாசலில் ஸ்டோர் கிளார்க் தோமஸ் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

பக்கத்தில் தொழிலாளி நல்லையா. கையில் இரும்புக் குழாய்!

"நான்தான் அடிச்சேன்" என்றார். யாரும் கேட்பதற்கு முன்பே!

எஹலியகொட பொலிஸிலிருந்து இன்ஸ்பெக்டர் நிலாம் வந்து இறங்கியபோது மணி மூன்று. 1999ஆம் வருடத்து ஜூன் மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

தோமஸின் மேசையில் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிட் ஸ்டோர் சாவி வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் அதில் தன் பெயரைத் தட்டவேண்டும். தோட்ட மேனேஜரான துரையின் கண்டிப்பான உத்தரவு அது.

திரையில் கடைசிப் பதிவு...

நல்லையா. பகல் 2.10. சாவி கொடுக்கப்பட்டது. அடுத்த ஆளுக்கு ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்.

"மெஷினும் சொல்லுது. மனுஷனும் சொல்றாரு. எங்களுக்கு வேலை மிச்சம்!" நிலாம் விலங்கை எடுத்தார்.

"நில்லுங்க சேர்!"

வாசலில் ஷாமிளா. நல்லையாவின் மகள். டவுனில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். இந்தச் சாவிப் பதிவு ப்ரோக்ராமை சி மொழியில் எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். அவளைத் த்ரீவீலரில் கூட்டிவந்த அண்ணன் கஜேந்திரன் பின்னால் நின்றான். ஃபேக்டரியில் ரோலர் வேலை பார்ப்பவன்.

"எங்கப்பாவுக்குக் கைநாட்டுதான் சேர். இங்கிலீஷ்ல ஒரு எழுத்துத் தெரியாது. அவரு எப்படிப் பேரைத் தட்டியிருப்பாரு?"

நிலாமின் கை நின்றது.

"யாராச்சும் தட்டிக் குடுத்திருப்பாங்க. நீ லயத்து வீட்டுக்குப் போம்மா" என்றார் நல்லையா. மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நீங்க பொய் சொல்றீங்கப்பா! தூக்குக்கே அனுப்பிருவாங்க... தெரியுதா?"

"தெரியும்."

இந்த மனிதர் ஏன் இப்படித் தானாகப் போய்க் கழுத்தை நீட்டுகிறார்?

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். சட்டென்று முகம் மாறியது.

"சேர்! இந்த மெஷினை யாராச்சும் தொட்டாங்களா?"

"தொட விடல்ல."

"அப்ப எங்கப்பா தப்பிச்சாரு! நான் ஒரு முட்டாள்தனம் பண்ணியிருக்கேன் சேர். பேரை வாங்குறதுக்கு ஸ்கேன்எஃப்னு ஒரு கட்டளை போட்டிருக்கேன். அது எழுத்தை ஒவ்வொண்ணா வாங்கும். நடுவுல ஒரு இடைவெளி வந்தா அதோட நிறுத்திரும்!"

"வெளங்கல்ல மிஸ்."

"தோட்டத்துல பேர் கேட்டா அப்பா பேரை முதல்ல சொல்லித்தான் தன் பேரைச் சொல்லுவாங்க. நான் என் பேரை மட்டும் தட்டிப் பார்த்துட்டு, சரியா ஓடுதுன்னு விட்டுட்டேன். மெஷின் முதல் பேரை மட்டும்தான் வாங்கியிருக்கு!"

"அப்ப நல்லையான்றது..."

"கொலைகாரனோட அப்பா பேரா இருக்கலாம்! இந்தத் தோட்டத்துல மூணு நல்லையா இருக்காங்க சேர்."

"அந்த ரெண்டாவது பேர்?"

"அழியல. ரப்பர் பால் நிறுக்க ஆளுங்க வரிசையில நிக்கிற மாதிரி உள்ளேயே நிக்கும். ஒரு கீயை அழுத்தினா, அடுத்த ஆளோட பேருன்னு நெனைச்சு மெஷின் அதைத்தான் எடுக்கும்!"

"வேணாம்மா!"

நல்லையா கத்தினார். இவ்வளவு நேரம் கல்லாக நின்றவர் மேசையை நோக்கிப் பாய்ந்தார்.

"தொடாத! உன் காலைப் புடிச்சுக் கேக்குறேன்... தொடாதம்மா!"

ஷாமிளாவின் விரல் அதற்குள் கீயை அழுத்திவிட்டது.

திரை ஒருமுறை சிமிட்டியது. யாரும் எதையும் தட்டவில்லை. ஆனாலும் புதிய பதிவு வந்து விழுந்தது!

கஜேந்திரன். பகல் 3.20. சாவி கொடுக்கப்பட்டது.

ஷாமிளா மெல்லத் திரும்பினாள். அண்ணனின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஆசிட் எடுக்கத்தான் போனேன் தங்கச்சி... தோமஸ் ஐயாகிட்ட அவரு மக அனிற்றாவைக் கட்டிக் குடுங்கன்னு கேட்டேன். மக மேல கண்ணு வச்சா, அப்பாவையும் சேர்த்துத் தோட்டத்தை விட்டே துரத்திருவேன்னு சொன்னாரு. கண்ணு மண்ணு தெரியல... அப்பா ஓடி வந்து குழாயைப் புடுங்கிட்டு, என்னைப் போகச் சொன்னாரு."

நல்லையா தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"ஒரு புள்ளையைக் காப்பாத்தப் பாத்தேனே... இன்னொரு புள்ள காட்டிக் குடுத்துருச்சே!"

ஷாமிளாவுக்குத் தன் விரலை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. நிலாமின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"சேர்... அது வெறும் பிழை சேர்! நான் எழுதின ப்ரோக்ராமே பிழை! அதை நம்பாதீங்க சேர்!"

நிலாம் விலங்கைக் கஜேந்திரனின் கையில் மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பிழையைத் திருத்திறாதீங்க மிஸ். எங்க ஸ்டேஷனுக்கும் அப்படியே ஒண்ணு எழுதிக் குடுங்க. பதினாறு வருஷ சர்வீஸ்ல, ஒரு தட்டுத் தட்டினதும் பேரைச் சொன்ன சாட்சி இது ஒண்ணுதான்!"