குழாய் அறுத்த களம்

களத்தில் காய்ந்துகொண்டிருந்த நிலக்கடலையில் ஒன்றை உடைத்து வாயில் போட்ட நாகராசு, உடனே துப்பினான். உப்புக் கரித்தது. நேற்றுதான் செடியிலிருந்து ஆய்ந்து கொட்டிய பச்சைக் கடலை.

உண்மையில் அது களமே இல்லை. ஆலங்குடிப் பக்கம் எண்ணெய் தேடி வந்த கம்பெனி, அவன் நிலத்தில் ஆழத் துளைத்துப் பார்த்து, ஒன்றும் தேறாமல் மூடிவிட்டுப் போன சிமெண்டுத் தளம். ஊரே பந்தல் போட்டு எதிர்த்தபோது இடம் கொடுத்தவன் இவன் ஒருவன்தான். ஊர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனைவி கலைமதியும் அப்படித்தான்.

கம்பெனி இன்ஜினியர் அன்றே சொல்லியிருந்தார்: "இது ஒரு காலத்துல கடலுங்க. அடியில உப்புப் பாறை கெடக்கு. மேல பாரம் அழுத்த அழுத்த பாகு மாதிரி நகரும், வழி கெடைச்சா ஏறும். அதை ஒட்டித்தான் எண்ணெய் தங்கும். தொளையை அடைச்சு நிக்கிற இந்தக் கொழாயை மட்டும் தொட்டுராதீங்க."

கேட்டானா? முழங்கால் உயரம் நின்ற அந்த இரும்புக் குழாய், கடலையைத் துழாவ இடைஞ்சலாக இருந்தது. போன அறுவடையில் தரையோடு தரையாக அறுத்து, சிமெண்டு பூசிவிட்டான். நல்ல களம் ஆயிற்று என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான், மடையன்.

மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது கடற்கரை வாடை அடித்தது. சுவரோரம் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தரைக்குக் கீழே எங்கோ, கடலைத் தோட்டை நிதானமாக உடைப்பதுபோல ஒரு சத்தம் நின்று நின்று கேட்டது. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தான்.

"கொழம்புல உப்பு கூடிப்போச்சு."

"இன்னும் உப்பே போடலை," என்றாள் கலைமதி, அவனைப் பார்க்காமல்.

கை அப்படியே நின்றது. "புள்ள எங்க?"

"காக்கா வெரட்ட ஒக்காத்தி வச்சிருக்கேன். களத்துல."

ஓடினான். வெயில் கொதித்தது. ஒரு காக்கை இல்லை. பூசிய சிமெண்டு வெடித்திருந்தது. தளம் முழுக்க வெள்ளை. நடுவில் மகள் சுடர்விழி, கையில் குச்சியோடு, முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஆத்தா... எந்திரி."

திரும்பவில்லை. காற்று வீசியது. அவள் முடி அசையவில்லை. பாவாடை அசையவில்லை.

சுற்றி வந்தான்.

வீட்டு வெள்ளாடு அவள் மடியருகே நின்று, கையை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது. விரல்கள் பாதி தேய்ந்திருந்தன. ஆட்டைப் பிடித்து இழுத்தான். அது திமிறிக்கொண்டு மறுபடி அங்கேயே போனது.

உப்பாய் வெளுத்த முகத்தில் கண்கள் மட்டும் மெல்லத் திரும்பி, அப்பாவைப் பார்த்தன.